அக்கா, அந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டேன்

என் செலின் அக்காவுக்கு, ஆசை முத்தங்களோடு உன் அமலு எழுதுவது.

கல்லறைக்கு வரும்போதெல்லாம் வாயாலேயே சொல்லிவிடலாம் என்றுதான் வருவேன். வந்தால் பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாகிவிடும். உனக்கு இரண்டு ரோஜாவை வைத்துவிட்டு, வெயிலைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். உன் மடத்துச் சிஸ்டர்கள் இதைத் தங்கள் மாத இதழில் போடப்போகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. காவிரியில் இந்த வருஷம் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கார மாமிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மாடிப்படி ஏறி வந்து என் சமையலைக் குறை சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டார். என் மகள் ரோஷினிக்கு இருபது வயசாகிறது, கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவள் அப்பா, உன் மாப்பிள்ளை, அவள் ஓட்டும்போது முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார்.

பெரிய செய்தி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ போவதற்கு நாலு மாதம் முன்னால், பேஸ்மேக்கர் செக்கப் முடிந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். "அமலு, நீ அந்த டெஸ்ட் எடுத்துட்டியா?" என்று கேட்டாய். "எடுத்துட்டேன்க்கா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன். நீ ஜெபமாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாலக்கரை வரும்வரை மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாய்.

நான் எடுக்கவே இல்லை அக்கா. பயந்துகொண்டு எடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு, என்ன டெஸ்ட், என்ன பயம் என்று சொல்லவேண்டும். நீ முப்பது வயசில் சபையின் பெயரால் தென் அமெரிக்காவில் இருக்கிற பொலிவியாவுக்குப் போனாய். அம்மா பாலக்கரை முழுக்க "எம்பொண்ணு ஃபாரின்ல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய போட்டோ எல்லாம் ஆயர் இல்லத்து வாசலில், தூண்களுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை. அங்கே வெந்நீர் தானாக வரும், தரையெல்லாம் பளபளவென்று இருக்கும் என்று அம்மா தன் கற்பனையையும் சேர்த்துக்கொண்டார். நீயும் மறுத்து எழுதவில்லை. உன்னை வழியனுப்பிவிட்டு அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததை நான் உனக்கு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நீ எப்படி எழுதுவாய், மண்சுவரும் புல்கூரையுமாக ஒரு வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன் என்று?

ஒரே ஒரு போட்டோ மட்டும் வேறுமாதிரி இருந்தது. முதல் வருஷத்திலேயே வந்தது. உன் இடது கண் இமை பணியாரம் போல வீங்கியிருந்தது. "புள்ள அழுதிருக்கா" என்று அம்மா கலங்கினார். குளிர்காற்று பட்டது, இரண்டு நாள் காய்ச்சல், இப்போது நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதினாய். "நல்லா இருக்கேன்" என்பது நம் வீட்டுப் பழக்கம். அப்பாவுக்குக் காலில் ஆணி ஏறி ரத்தம் சொட்டியபோதும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னார். நாமும் அவர் பிள்ளைகள்தானே.

ஆறு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தாய். அந்த வாரம்தான் என் முதல் கர்ப்பம் கலைந்து ரத்தம் நிற்காமல் போனது. ஓ நெகட்டிவ் ரத்தம், திருச்சி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. உனக்கும் அதே குரூப். நீ கையை நீட்டினாய், நான் பிழைத்தேன். இரண்டு வருஷம் கழித்து ரோஷினி பிறந்தாள்.

அதற்கப்புறம் உன் அலட்டலுக்கு அளவே இல்லை. எனக்கு ரயில்வே புக்கிங் கவுண்டரில் பதவி உயர்வு கிடைத்தால் "எம்ரத்தம் வேலை செய்யுது" என்று கடிதம் வரும். ரோஷினி கணக்கில் நூறு வாங்கினால் "அதுவும் எம்ரத்தம்தான்". நான் யாரிடமாவது எரிந்து விழுந்தால் மட்டும், "அது ஒம் பழைய ரத்தம், நா பொறுப்பில்ல".

பத்தொன்பது வருஷம் கழித்து நீ ஊருக்கே திரும்பி வந்தாய். ஐந்து வருஷம் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாய். பிறகு நெஞ்சுவலி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒரு அடைப்பும் இல்லை, ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? நன்றிப் பூசை வைத்தோம். பங்குச்சாமியார் பிரசங்கத்தில், "நம் செலின் சிஸ்டருடைய இருதயத்தில் ஒரு அடைப்பும் இல்லையாம், டாக்டர்களே சொல்லிவிட்டார்கள்" என்றதும் கோயிலே சிரித்தது. நான் எல்லார் கையிலும் பூந்திப் பொட்டலம் கொடுத்தேன். நீயும் ஒன்றை வாங்கிக்கொண்டு சிரித்தாய். அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது என்று பின்னால் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ நெஞ்சில் கைவைத்தால் எனக்குக் கோபம் வரும். "அதான் ஆஞ்சியோலயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களேக்கா. வாய்வா இருக்கும். பெருங்காயம் போட்டு மோர் குடி." ஒன்றரை வருஷம் உனக்கு மோர் கொடுத்தேன். நீயும் வாங்கிக் குடித்தாய். உன்னை நினைத்தால் இந்த ஒன்றுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

பிறகு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நீ மயங்கி விழுந்தாய். பூக்கூடை வைத்திருந்த யாரோ ஒரு அம்மாள் உன்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாராம். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, ஆட்டோ பிடித்து, உறையூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் கவுண்டரை மூடிவிட்டு ஓடிவந்தபோது டாக்டர் மதுமிதா உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தால் காலேஜ் பெண் மாதிரி இருந்தார். பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று நான் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ என் கையைக் கிள்ளினாய்.

அந்தப் பெண்தான் கேட்டார். ஈசிஜியையும் எக்கோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நீங்க வெளிநாட்டுல எந்த ஊர்ல இருந்தீங்க?" என்றார். "பொலிவியா" என்றாய். அடுத்து, "அங்க எந்த மாதிரி வீட்ல தூங்குனீங்க? சுவர் எதுல கட்டினது?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். அம்மா இறந்து பத்து வருஷமாகிவிட்டது. ஆனாலும் நான் போய் அம்மாவிடம் சொல்லிவிடுவேனோ என்பது போலப் பார்த்தாய். அப்புறம் மெதுவாக, "மண்சுவர்மா. புல்கூரை. சுவர்ல வெடிப்பு இருக்கும். அதுக்குள்ள வின்சூக்கான்னு ஒரு பூச்சி. நம்ம ஊர் மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். தூங்கறப்ப மூஞ்சியிலதான் வந்து கடிக்கும்" என்றாய்.

"கண்ணு வீங்குச்சா?"

"வீங்குச்சு."

இருபது வருஷமாக "எங்கேருந்து எங்க?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு அக்கா. கவுண்டர் ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொருத்தரையும் கேட்கிறேன். சொந்த அக்காவிடம் மட்டும் எந்த வீட்டிலிருந்து வந்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. முதலில் பார்த்த டாக்டரிடம் "ஃபாரின்ல இருந்தவங்க" என்று பெருமையாகச் சொன்னது நான்தான். அவர் பாவம், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தவர் என்று நினைத்திருப்பார்.

ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஷாகஸ் நோய் என்று வந்தது. பூச்சி கடித்த இடத்தில் அதன் எச்சம் பட்டு, நாம் சொறியும்போது அதிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி உள்ளே போய்விடுமாம். ஒரு காய்ச்சல் வந்து போகும், அவ்வளவுதான். அப்புறம் இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். சிலருக்குக் கடைசிவரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு இதயத்தைப் பிடிக்கும்.

"அப்ப ஆஞ்சியோல ஏன் தெரியல?" என்று நான் சண்டைக்குப் போனேன். டாக்டர் மதுமிதா ஒரு பேப்பரை எடுத்து, இதயம் வரைந்து, அதன் மேல் மரக்கிளை மாதிரி கோடுகள் போட்டார்.

"ஆஞ்சியோல பெரிய ரத்தக்குழாய்தான் தெரியும் மேடம். சிஸ்டருக்கு அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரச்சனை அதுலேருந்து பிரிஞ்சு பிரிஞ்சு தசைக்குள்ள போற முடி மாதிரி குழாய்ல. நீங்க காந்தி மார்க்கெட் போயிருப்பீங்கள்ல? வெளிய மெயின் ரோடு காலியா கிடக்கும். உள்ள சந்துல வண்டி நகராது. அப்ப கடைக்கு எப்படிச் சரக்கு போகும்?"

ஒட்டுண்ணியை அழிக்க உடம்பு சண்டை போடுமாம். அந்தச் சண்டை அடங்காமல் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அதில் இந்தப் பொடிக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகிவிடும். அங்கங்கே ரத்தம் துளித்துளியாக உறையும். குழாய் திடீரென்று சுருங்கிக்கொள்ளும். படி ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்டால், விரிந்து கொடுக்க வேண்டிய குழாய் விரியாது. தசை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து செத்து, அந்த இடமெல்லாம் தழும்பாகும். உன் இதயத்தின் நுனி மெலிந்து பலூன் போல உப்பியிருந்ததை எக்கோவில் காட்டினார். துடிப்புக்கு உத்தரவு கொடுக்கிற நரம்புப் பாதையும் அதில் பழுதாகியிருந்தது. பஸ்ஸில் மயங்கியது அதனால்தான். ஒட்டுண்ணி நேரடியாகச் செய்வது எவ்வளவு, உடம்பின் சண்டை செய்வது எவ்வளவு என்பது இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்றும் அவரே சொன்னார்.

"அப்ப வலி நிஜந்தானா டாக்டர்?" என்று கேட்டாய் நீ.

"நிஜந்தான் சிஸ்டர். படத்துல தெரியலன்னா வலி இல்லன்னு ஆயிடாது."

உன் முகம் அன்றைக்கு எப்படி மலர்ந்தது அக்கா. தீராத வியாதி என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ கல்யாண வீட்டில் நிற்கிறவள் போலச் சிரிக்கிறாய். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "இனிமே மோர் வேணாம் அமலு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். வேறு யாராவது என்றால் என்னை வாயாலேயே வறுத்தெடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு கிடைத்த இரண்டு வருஷம் நம் இரண்டு பேருக்கும் நல்ல வருஷம். பேஸ்மேக்கர் வைத்ததும் "நா இப்ப பேட்டரில ஓடற பொம்மை" என்று மடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். சனிக்கிழமையானால் ஸ்ரீரங்கம் வந்துவிடுவாய். மாமியும் நீயும் மாடி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, யார் சாமிக்கு விடியற்காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று போட்டி போடுவீர்கள். "எங்க பெருமாள் மார்கழியில ஒரு மாசந்தான் படுத்தறார். உங்காளு வருஷம் பூரா எழுப்பறாரே" என்று மாமி சொல்ல, நீ சிரித்துச் சிரித்து இருமினாய். மாமி இப்போதும் சனிக்கிழமை காபி போடும்போது ஒரு டம்ளர் கூடுதலாகப் போட்டுவிட்டு, "பாரேன், கை பழக்கத்த" என்கிறார்.

ஆனால் அந்த இரண்டு வருஷமும் நமக்கிடையில் பேசாத பேச்சு ஒன்று இருந்தது. இந்த நோய் ரத்தம் வழியாகவும் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, "எம்ரத்தம்" என்ற வார்த்தையை நீ சொல்லவே இல்லை. ரோஷினி பரிசு வாங்கிவந்து காட்டினாலும், "நல்லா இரும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். ரத்தம் ஏற்றிய எல்லாருக்கும் வந்துவிடாது, வராதவர்கள்தான் அதிகம், ஒரு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு இல்லையென்றால் ரோஷினிக்கும் இல்லை. எனக்கு இருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. உளுந்துவடை தின்று நெஞ்சு கரித்தால்கூடத் தொலைந்தேன் என்று படுத்துக்கொள்வேன். டெஸ்ட்டுக்கு மட்டும் போகமாட்டேன்.

எனக்கு இருந்தால் நீ எப்படித் தாங்குவாய் என்பதுதான் காரணம் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். உயிரைக் கொடுத்து உயிரை வாங்கிவிட்டேனே என்று நீ உருகிப்போய்விடுவாய் என்று நினைத்தேன். அதனால்தான் ஆட்டோவில் அந்தப் பொய். நீ அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் போலத்தான் அதுவும்.

போன தவக்காலத்தில் நீ போய்விட்டாய். இனிமேல் டெஸ்ட் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் முன்னால் ஒருநாள் சாயங்காலம் ரோஷினி காலேஜிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அம்மா, வர்ற வெள்ளிக்கிழம எங்க காலேஜ்ல பிளட் டொனேஷன் கேம்ப். நா பேர் குடுத்துட்டேன். ஓ நெகட்டிவ்ன்னதும் எல்லாரும் என்னய விஐபி மாதிரி பாக்குறாங்க. பெரியம்மா உனக்குக் குடுத்தாங்கள்ல, அந்த மாதிரி நானும் குடுக்கப்போறேன்."

நான் தோசைத் திருப்பியை வைத்துவிட்டு "வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

என்ன சொல்லட்டும் அக்கா? பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தினேன், என்னைச் சமாதானப்படுத்தினேன். இப்போது அந்தப் பொய் யாரோ முகம் தெரியாத ஒருத்தர் உடம்புக்குள் போகப் பார்க்கிறது. தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்போடு தன் அறைக்குள் போய்விட்டாள். பிறகு அவள் அறையிலிருந்து வந்து, உன் குரலிலேயே, "நாளைக்கு லீவு போடு. நான்தான் கார் ஓட்டுவேன்" என்றாள்.

காவிரிப் பாலத்தில் அவள் ஓட்டிய லட்சணத்துக்கு நோயே தேவையில்லை, அங்கேயே போய்ச் சேர்ந்திருப்போம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே எங்களை உறையூர் வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஊசி என்றால் எப்படி என்று உனக்குத் தெரியுமே. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. லேப் பெண் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் டாக்டர் மதுமிதா உள்ளே வந்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். பொங்கலுக்குச் சென்னையிலேருந்து திருச்சி வர டிக்கெட்டே கெடைக்கமாட்டேங்குது. நீங்கெல்லாம் உங்களுக்கு வேண்டியவங்களுக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுவீங்களாமே?"

எனக்கு வந்ததே கோபம். "யார் சொன்னது ஒங்களுக்கு? ஜன்னல் தொறந்து ரெண்டு நிமிஷத்துல தீந்துபோவுது. நாங்க என்ன மடியிலயா கட்டி வச்சிருக்கோம்? எம்புருஷனுக்கே வெயிட்டிங் லிஸ்ட்தான்..." என்று பிடித்துக்கொண்டேன். முடித்துவிட்டுத் திரும்பினால் கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ரோஷினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

"எனக்கு ஊசின்னா பயம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

டாக்டர் சொன்னார். "உங்க அக்காதான். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கடைசியா செக்கப் வந்தாங்கல்ல, அன்னிக்கு நீங்க பில் கட்டப் போனப்ப கேட்டாங்க, 'எந்தங்கச்சி டெஸ்ட் எடுத்துட்டேங்கிறா, எடுத்தாளா?'ன்னு. நா பொய் சொல்ல முடியாதுல்ல. எடுக்கலன்னு சொன்னேன். 'தெரியும்மா, அவ பொய் சொன்னா மூக்க சொறிவா. ஆனா ஒருநாள் வருவா. வந்தா ரயில் டிக்கெட்ட பத்திக் கேளுங்க, கோவத்துல ஊசிய மறந்துடுவா'ன்னாங்க."

ஆட்டோவிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நாலு மாதம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் அங்கேயே அந்த லேப் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். லேப் பெண், ஊசி குத்தியதற்கு இப்போதுதான் அழுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

இரண்டு வகை டெஸ்ட் எடுக்க வேண்டுமாம், ஒன்றை மட்டும் நம்பக்கூடாதாம். மூன்று வாரம் காத்திருந்தோம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கவுண்டரில் மணப்பாறைக்காரர் ஒருவருக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "ரெண்டுமே நெகட்டிவ் மேடம். உங்களுக்கு இல்ல. பாப்பாவுக்கும் கவலை இல்ல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர், "என்னங்க, டிக்கெட் இல்லீங்களா?" என்றார். "இருக்குங்க, எல்லாம் இருக்குங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

உன் ரத்தம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை அக்கா. அன்றைக்கு நீ கையை நீட்டியபோது கொடுக்க நினைத்ததை மட்டும்தான் கொடுத்திருக்கிறாய். இந்த ஒரு வரியை உன் காதில் சொல்ல முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நான் ஒரு வருஷம் முன்னால் தைரியமாகப் போயிருந்தால் சொல்லியிருக்கலாமே. அது என் மேல் உள்ள குறை, அதை நான் மறைக்கப்போவதில்லை. காலேஜ் கேம்ப்பை ரோஷினி தவறவிட்டாள். அதனால் அந்த வாரமே நேராக ரத்தவங்கிக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கையில் பிளாஸ்திரியோடு, மாமி கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு, நாள் முழுக்க என்னை வேலை வாங்கினாள். அந்த அலட்டல் எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. உன்னோடு அந்த மண்வீட்டில் எட்டு வருஷம் இருந்த அருள்மேரி சிஸ்டரை மடத்தில் போய்ப் பார்த்தேன். உன்னைவிடப் பன்னிரண்டு வயசு இளையவர். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்றார். எனக்குப் பழகிய வார்த்தை. விடவில்லை, ரோஷினியின் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் டெஸ்ட் எடுக்கவைத்தேன். மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. அவருக்கு இருக்கிறது அக்கா. ஆனால் இதயம் இன்னும் நன்றாக இருக்கிறது. எக்கோ, ஈசிஜி எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போதே கண்டுபிடித்ததால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், இரண்டு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், கூடவே கண்காணித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் மதுமிதா சந்தோஷமாகவே சொன்னார். மாத்திரை நம் ஊர்க் கடையில் கிடைக்காது. எங்கெங்கோ எழுதி வரவழைத்திருக்கிறார்கள்.

ரிசல்ட் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பின் சீட்டில் அருள்மேரி சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அமலி, செலின் சிஸ்டருக்கு ரொம்ப வலிச்சுதா?"

இல்லை சிஸ்டர், நிம்மதியாகத்தான் இருந்தார்கள் என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நம் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"வலிச்சுது சிஸ்டர்" என்றேன். "ரொம்பவே வலிச்சுது. நாங்கதான் ஒன்றர வருஷம் நம்பல."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம், "எனக்கு வலிச்சா நீங்க நம்புவீங்கள்ல?" என்றார்.

"நம்புவேன் சிஸ்டர்."

திங்கட்கிழமை அவர் முதல் மாத்திரை போடுகிறார். நான் பக்கத்தில் இருப்பேன். அறுபது நாளும் கவுண்டருக்குப் போகும் முன் மடத்துக்குப் போய், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்பேன். அவர் சொல்வதை அப்படியே நம்புவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பாலக்கரையில் உனக்குப் பின்னால் பிறந்து, உன்னால் இன்னும் உயிரோடிருக்கும்
உன் ஒரே தங்கை,
அமலி